ஏழு கயிறும் ஒரு முழங்காலும்

கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் தாழ்ப்பாள் தானாக விலகியது. உள்ளே யாரும் நிற்கவில்லை. தாழ்ப்பாளில் கட்டிய ஒரு நைலான் கயிறு சுவரோரமாக ஓடி, கூடத்தைத் தாண்டி, கடைசி அறைக்குள் புகுந்து மறைந்தது. அங்கிருந்து குரல் வந்தது.

"வாங்க சிஸ்டர். செருப்பை வலது பக்கமா விடுங்க. இடது பக்கம் கயிறு போகுது."

நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. முறையாகப் பயிற்சி எடுத்து, நாற்பத்திரண்டு வருடமாகச் செய்கிறேன். கத்துகிற நோயாளி, கடிக்கிற நோயாளி, மாத்திரையைத் தலையணை உறைக்குள் சேர்த்து வைக்கிற நோயாளி என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. படுத்த இடத்திலிருந்து வாசல் கதவைத் திறந்துவிடுகிற நோயாளியை அன்றுதான் பார்த்தேன்.

ஐம்பத்து மூன்று வயது. நல்ல ஆகிருதி. லிஃப்ட் மெக்கானிக். கட்டிலின் தலைமாட்டில் ஏழு கயிறுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் துணி காயப்போடும் கிளிப் ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிறம். சிவப்பை இழுத்தால் வாசல் தாழ்ப்பாள். மஞ்சள், விளக்கு. பச்சை, ஜன்னல் திரை. நீலம், மின்விசிறி. வெள்ளை, சமையலறையில் ஒரு மணி. ஆரஞ்சு, சமையலறையிலிருந்து கம்பி மேல் ஓடி வரும் ஒரு பிளாஸ்டிக் கூடை. டீ, ரொட்டி, செய்தித்தாள் எல்லாம் அதில் பயணம் செய்து அவர் மார்புக்கு நேரே வந்து நிற்கும். டீ ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது.

ஏழாவது, கறுப்புக் கிளிப். அதன் மறுமுனை அறை மூலையில் நின்ற வாக்கரில் கட்டியிருந்தது. முன்காலில் சக்கரம் வைத்த வாக்கர். அதன் மேல் அவருடைய துண்டு உலர்ந்துகொண்டிருந்தது. துண்டு வேண்டுமென்றால் கயிற்றை இழுப்பார். வாக்கர் உருண்டு கட்டிலுக்கு வரும். துண்டை எடுத்துக்கொண்டு காலால் ஒரு தள்ளு தள்ளினால் திரும்பிப் போய்விடும். நடப்பதற்காகக் கொடுத்த வாக்கர் நடந்துகொண்டிருந்தது. மனிதர் படுத்திருந்தார்.

"இதையெல்லாம் யாரு கட்டினது?" என்று கேட்டேன்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி வாசலிலிருந்தே பதில் சொன்னாள். "ஸ்டூல் மேல ஏறி ஆணி அடிச்சது நான். கட்டில்ல படுத்து உத்தரவு போட்டது மகாராஜா. கப்பி எங்க வரணும், ஸ்க்ரூ எத்தனை சுத்து சுத்தணும், எல்லாம் அங்கிருந்தே. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு சிஸ்டரம்மா. இப்ப எனக்கும் பாதி லிஃப்ட் வேலை தெரியும்."

அவள் ஒரு பேக்கரியில் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வேலை செய்பவள். கையில் எப்போதும் மாவு வாசனை இருக்கும். பேச்சில் இனிப்பு குறைவு.

நடந்தது இதுதான். லிஃப்ட் ஓடும் குழியின் அடித்தளத்தில் வேலை முடித்து ஏறும்போது, இரும்பு ஏணியின் கடைசிப் படியில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். வலது முழங்கால் சில்லு இரண்டாக உடைந்தது. அறுவை சிகிச்சை செய்து கம்பி போட்டுக் கட்டி, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது முழங்கால் மரக்கட்டையாக இருந்தது. முப்பத்தைந்து டிகிரிதான் மடங்கியது. டாக்டர் நான்கு வாரக் கெடு கொடுத்தார். தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும். மடங்காவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்து, மேஜையில் போட்டு, காலைப் பிடித்து மடக்குவார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆயுளுக்கும் விறைத்த கால்தான். விறைத்த காலோடு யாரும் லிஃப்ட் குழிக்குள் இறங்க முடியாது. நாற்காலியில் சரியாக உட்காரக்கூட முடியாது.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் பெயர்க்கும் வேலை இல்லை. மல்லாந்து படுத்தபடி குதிகாலைப் படுக்கையில் தேய்த்து, பிட்டத்தை நோக்கி இழுக்க வேண்டும். பத்துத் தடவை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் வரை நடை. அவ்வளவுதான்.

அவர் இரண்டு தடவை இழுப்பார். இழுப்பது என்றால் குதிகால் நாலு விரல்கடை நகரும். பிறகு கூரையைப் பார்ப்பார்.

"மிச்சம் எட்டு?"

"சாயங்காலம் சேர்த்துப் போட்டுடலாம் சிஸ்டர்."

சாயங்காலம் கேட்டால், "நாளைக்கு."

நாளைக்குக் கேட்டால், "இன்னிக்குத்தானே ஆரம்பிச்சிருக்கு, பொழுது கெடக்கு."

கோபமாகப் பேசினால் நமக்கும் சமாதானமாக இருக்கும். அவர் கோபமே படமாட்டார். சிரித்த முகமாகவே ஒன்றும் செய்யமாட்டார். அது எவ்வளவு எரிச்சல் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். சுவரில் அட்டவணை ஒட்டினேன். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம். செய்தால் அவரே பேனாவால் குறிக்க வேண்டும். மூன்றாம் நாள் பார்த்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, வருகிற வாரத்துக்கும் சேர்த்து. புகழ்ந்தேன். "நன்றி சிஸ்டர்" என்றார். மிரட்டினேன். "நியாயம்தான்" என்றார். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் கொடுத்தேன். அது வலியைக் குறைத்ததோ இல்லையோ, நல்ல தூக்கத்தைக் கொடுத்தது.

வாரத்துக்கு இரண்டு முறை பிசியோதெரபிப் பெண் வருவாள். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். கோணம் அளக்கும் பிளாஸ்டிக் அளவுகோலை முழங்காலில் வைத்து அளப்பாள். முதல் வார முடிவில் முப்பத்தெட்டு. இரண்டாம் வாரத்தின் நடுவில் நாற்பத்திரண்டு.

"ஆன்ட்டி, இந்த வேகத்துல போனா தொண்ணூறு வர்றதுக்கு இன்னும் ரெண்டரை மாசம் ஆகும்," என்று கூடத்துக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏன் ரகசியமா சொல்றே? அவர்கிட்டயே சொல்லு."

"சொன்னேன் ஆன்ட்டி. கணக்கு சரியா இருக்குன்னு சொன்னார்."

இதற்கு நடுவில் அவருடைய அக்கா. இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவாள். வந்தவுடன் கைப்பையை வைத்துவிட்டு, ஒரு பெரிய தலையணையை எடுத்துத் தம்பியின் முழங்காலுக்கு அடியில் செருகுவாள். அதை மட்டும் செய்யவே கூடாது. முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் கால் அரைகுறையாக மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அப்புறம் மடக்கவும் வராது, நீட்டவும் வராது. நான் எடுப்பேன். அவள் வைப்பாள்.

"குழந்தைக்கு வலிக்குதும்மா," என்பாள்.

"குழந்தைக்குத் தலை நரைச்சுப் போச்சு. எடுங்க."

"நீங்க வேலைக்கு வந்தவங்க. கூடப் பொறந்தவளுக்குத்தான் தெரியும்."

"கூடப் பொறந்தவங்க ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயிடுவீங்க. விறைச்ச காலை இழுத்துக்கிட்டு இருக்கப் போறது அவரும் அவர் சம்சாரமும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் தலையணையை அலமாரிக்கு மேல் போடுவேன். அடுத்த முறை அவள் வீட்டிலிருந்து சொந்தத் தலையணையே கொண்டுவந்தாள்.

மாலையில் மனைவி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள், "இன்னிக்கு எத்தனை?"

"நாலு."

"அம்பதுக்கு நாலா? பரவால்லையே, நேத்து மூணு." பிறகு அறை வாசலில் நின்று, "ஏங்க, கஷ்டப்பட்டு உழைச்சிருக்கீங்களாமே. திருஷ்டி பட்டுடப் போகுது," என்பாள். அவர் ஆரஞ்சுக் கயிற்றை இழுத்து, நான் கூடையில் வைத்த டீயை எடுத்துக்கொள்வார்.

அவள்தான் அவர் கதையைச் சொன்னாள். சின்ன வயதில் அவர்கள் குடும்பம் நான்காவது மாடியில் இருந்ததாம். தண்ணீர் மேலே ஏறாது. கீழேயிருந்து குடத்தில் தூக்க வேண்டும். அக்கா நாலு நடை நடப்பாள். இவர் ஒரு நடை போய்விட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு வயதில் மொட்டைமாடிக் கம்பியில் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கட்டி, கயிறு போட்டுக் குடத்தை மேலே இழுத்தார். மொத்தக் கட்டடமும் அந்தக் கயிற்றில் தண்ணீர் இறைத்தது. "படி ஏறச் சோம்பல்பட்டுத்தான் லிஃப்ட் வேலைக்கே போனேன்னு அவரே பெருமையா சொல்வார்," என்றாள்.

வேலையில் அவருக்குப் பெயர் உண்டு. அவர் கை வைத்த லிஃப்ட் இரண்டு வருடத்துக்குப் பழுதாகாது. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இவர் நாள் முழுக்க உட்கார்ந்து செய்வார். மேலாளர் ஒருமுறை காரணம் கேட்டாராம். "அரைகுறையா செஞ்சா மறுபடி வரணுமே சார், யாரு வர்றது?" என்றாராம்.

"வீட்டுல மட்டும் சமையலறைக் குழாய் ஒன்பது வருஷமா ஒழுகுது. கேட்டா, அதுக்கு அடியில ஒரு செடி வைன்னார். வச்சேன். அது மரமாயிட்டுருக்கு," என்று முடித்தாள்.

இதையெல்லாம் கேட்டபின் எனக்கும் முடிவாகிவிட்டது. பிறவிச் சோம்பேறி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நான் என் கடமையைச் செய்வேன், கால் அதன் தலையெழுத்துப்படி ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். நான் வந்து பதினோரு நாள் இப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்கு மேலே துடைக்கும்போது தொடைத் தசை கல் மாதிரி இறுகியது. சோம்பேறியின் தசை இறுகாது. தளர்ந்து கிடக்கும். இது எனக்குப் பல வருடமாகத் தெரிந்த விஷயம். பதினோரு நாளும் இந்தக் காலைத் துடைத்திருக்கிறேன், இறுகியதையும் பார்த்திருக்கிறேன். மண்டையில் ஏறவில்லை. சோம்பேறி என்று பெயர் வைத்த பிறகு நான் காலைப் பார்க்கவில்லை, பெயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்புறம் எதுக்குக் காலைப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

போர்வையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார்.

"தம்பி, எனக்கு அறுபத்தெட்டு வயசு. சுத்தி வளைக்க நேரமில்ல. எதுக்குப் பயப்படறீங்க?"

கூரையைப் பார்த்தபடி, "உள்ள கம்பி இருக்கு," என்றார்.

"ஆமா. எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்காங்க."

"சிஸ்டர், உங்களுக்குக் காலைப் பத்தித் தெரியும். எனக்குக் கம்பியைப் பத்தித் தெரியும். முப்பது வருஷமா கம்பியோடதான் இருக்கேன். லிஃப்ட்டைத் தூக்கற கம்பி விரல் தண்டி இருக்கும். அதுவே மடங்கற இடத்துலதான் முதல்ல இழை விடும். ஒரு இழை விட்டாப் போதும், மாத்தச் சொல்லிடுவேன். என் கால்ல போட்டிருக்கறது தையல் ஊசி கனம்கூட இல்ல. எக்ஸ்ரே படத்துல பார்த்தேன். அதை வச்சுக்கிட்டு ஒரு நாளைக்கு அம்பது தடவை மடக்குங்கறீங்க."

"மடக்கினா அறுந்துடும்னா?"

"மடங்கற இடத்துல கட்டியிருக்கு. அறுந்தா உள்ளுக்குள்ள எங்க போய்க் குத்துமோ." சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் தொடை இன்னும் இறுகியே இருந்தது.

எனக்கு வந்த எரிச்சலில் ஈரத்துணியை வாளியில் எறிந்தேன். "இதை டாக்டர்கிட்ட கேக்கறதுக்கென்ன?"

"அவர் வேலையில நான் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். என் வேலையில யாராவது வந்து இந்தக் கம்பி தாங்குமான்னு கேட்டா எனக்குப் பிடிக்காது."

"அதனால காலை இழக்கறது பரவால்ல."

"அப்படி இல்ல…"

"எப்படி?"

அவருக்கே தெரியவில்லை. இத்தனை நாள் அவரை மனைவி சோம்பேறி என்றாள், அக்கா பாவம் என்றாள், நான் பிறவிக்குணம் என்றேன். எல்லாருக்கும் சேர்த்துத் தலையாட்டிக்கொண்டு படுத்திருந்தார். பயந்தவன் என்று சொல்லப்படுவதைவிடச் சோம்பேறி என்று சொல்லப்படுவது அவருக்கு வசதியாக இருந்தது. பழகின பட்டம் வேறு.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, எக்ஸ்ரே படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்தேன். "இந்தக் கம்பி எதுக்கு, எப்படிப் போட்டிருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லு. நோயாளிக்குச் சொல்ற மாதிரி வேண்டாம். மெக்கானிக்குக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

கெட்டிக்காரப் பெண். காகிதத்தில் ஒரு சில்லை வரைந்து, குறுக்கே விரிசலைப் போட்டாள். அதன் முன்பக்கமாக எட்டு என்ற எண் மாதிரி ஒரு கம்பியைச் சுற்றி வரைந்தாள்.

"கம்பி முன்னாடி பக்கம்தான் இருக்கு சார். காலை மடக்கும்போது தசை மேலயும் கீழயும் இழுக்கும். முன்னாடி விரியப் பார்க்கும். கம்பி அங்க விடாது. அப்போ பின்னாடி என்ன ஆகும்?"

அவர் காகிதத்தை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். இரண்டு கை விரல்களையும் மடக்கி, முட்டியோடு முட்டி வைத்து, கட்டைவிரல் பக்கம் இறுக்கிப் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"பின்னாடி ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு அழுந்தும்," என்றார் மெல்ல.

"அதேதான். மடக்க மடக்க எலும்பு சேரும். அதுக்குத்தான் இந்தக் கட்டு. அதோட இப்ப எலும்பும் கூடியாச்சு, கம்பியை நம்பி இல்லவே இல்ல."

"நீட்டியே வச்சிருந்தா?"

"கம்பி சும்மா கெடக்கும். மூட்டு இறுகிடும்."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்ல வேலை," என்றார். டாக்டருக்கு அவர் கொடுத்த பாராட்டு அது. காகிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, "இதை யாரும் எங்கிட்ட சொல்லலையே," என்றார்.

"நீங்க கேக்கலையே சார்," என்றாள் அந்தப் பெண்.

பயம் போய்விட்டது. இனி எழுந்து உட்கார்ந்து ஐம்பதுக்கு ஐம்பது போடுவார் என்று நினைத்தேன். அன்று மதியம், "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு சிஸ்டர்."

சோம்பேறி என்று நாங்கள் சொன்னதும் முழுப் பொய் இல்லை. பயத்துக்கு அடியில் அசல் சரக்கும் பத்திரமாக இருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினைந்து நாள்தான் பாக்கி.

"எதுக்கு நாளைக்கு? இப்ப என்ன வேலை இருக்கு?"

"குதிகால் துணியில உரசுது. சும்மா சும்மா கையால தொடையைப் பிடிச்சு இழுத்தா முதுகு வலிக்குது. பலம் முழுக்க வீணாப் போகுது. இது சரியான முறை இல்ல."

"சரியான முறை என்ன?"

கேட்டதுதான் தாமதம். காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் வரைய ஆரம்பித்துவிட்டார். கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் ஒரு கொக்கி. அதில் கயிற்றின் ஒரு முனை. கயிறு கணுக்காலில் கட்டிய பட்டையில் இருக்கும் சிறு கப்பிக்குள் போய்த் திரும்பி அவர் கைக்கு வரும். கப்பி நகருவதால் பாதி பலம் போட்டால் போதும். குதிகாலுக்கு அடியில் வழவழப்பான பலகை, அதில் கொஞ்சம் பவுடர். ஒரு கையால் இழுக்கலாம். மறு கையில் செய்தித்தாள் வைத்துக்கொள்ளலாம்.

எட்டாவது கயிறு. மாடு எந்தப் பக்கம் போனாலும் தொழுவத்துக்கு வந்தால் சரி.

மாலையில் மனைவி வந்தாள். வரைபடத்தைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். சுத்தியலை எடுத்து, ஸ்க்ரூவைத் தட்டி இறக்கித் தலைமாட்டில் கொக்கியைப் பொருத்தினாள். அவர் கயிற்றை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். கால் கோணலாக உள்பக்கம் சாய்ந்தது.

"நடுவுல அடிச்சிட்டே! வலது காலுக்கு நேரா வரணும்."

"நடுவுலதான் வரைஞ்சிருக்கீங்க."

"அது படம்! படம்னா அப்படித்தான் இருக்கும். சரி, கழட்டு. ஸ்க்ரூடிரைவர் கொண்டா, நட்சத்திர முனை."

அவள் கூடத்துக்குப் போனாள். கருவிப் பை கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. தட்டை முனையோடு வந்தாள்.

"நட்சத்திரம்னேனே!"

மறுபடி போனாள். இந்த முறை நட்சத்திர முனைதான், ஆனால் குழந்தை விளையாட்டுச் சாமான் கழற்றுகிற அளவு.

"அடியே, பெரிசு! மஞ்சள் கைப்பிடி!"

நான் அறை வாசலில் நின்றிருந்தேன். அங்கிருந்து கூடம் தெரியும். அவள் பைக்குள் கையை விட்டு மஞ்சள் கைப்பிடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பார்த்தாள். பையிலேயே திரும்பப் போட்டாள். ஒரு இடுக்கியை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது இடுக்கி!" என்று கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இருபத்தஞ்சு வருஷமா ஒரு மெக்கானிக் வீட்டுல இருக்கே!"

"எனக்கென்னங்க தெரியும். நான் ரொட்டி விக்கறவ."

"நகரு."

கறுப்புக் கயிற்றை இழுத்தார். வாக்கர் வந்தது. துண்டைத் தூக்கி எறிந்தார். நான் பின்னால் ஓடி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் எழுந்தவருக்குக் கால் விறைப்பே நினைவில்லை. கூடத்துக்குப் பன்னிரண்டு அடி. அலமாரியின் கீழ்த்தட்டுக்குக் குனிய வேண்டும். முழங்காலை மடக்காமல் குனிய முடியாது. திட்டிக்கொண்டே குனிந்தார். மஞ்சள் கைப்பிடியை எடுத்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, திரும்பி நடந்து, தலைமாட்டுக்குப் பின்னால் நின்று, கொக்கியைக் கழற்றி, இரண்டு அங்குலம் வலதுபக்கம் தள்ளி, அவரே முடுக்கினார். அரை மணி நேரம் நின்றிருப்பார். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"இதான் கண்ணு முன்னாடியே இருக்கே, தெரியலையா?" என்று ஸ்க்ரூடிரைவரை மனைவிக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார்.

"வயசாகுதுல்ல," என்றாள் அவள்.

எட்டாவது கயிறு வேலை செய்தது. நான் மாத்திரை கொடுத்து அரை மணி கழித்து நினைவூட்டுவேன். செய்தித்தாளைப் படித்துக்கொண்டே இழுப்பார். சில நாள் ஐம்பது, சில நாள் முப்பது. ஒரு நாள் முழுக்க ஒன்றுமே இல்லை. கேட்டதற்கு, "பட்டையில தையல் சரியில்ல," என்றார். பட்டையை வாங்கி நானே தைத்துக்கொடுத்தேன், அவர் முகத்துக்கு நேராகச் சில வார்த்தைகளும் சொன்னேன். நாற்பத்திரண்டு ஐம்பத்தைந்தாயிற்று. பிறகு அறுபத்தெட்டு. அக்கா தலையணையோடு வந்தாள். "அக்கா, அது வேண்டாம். கப்பியில மாட்டிக்கும்," என்றார். அக்கா தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் வாரத்தில் ஒரு காலை. மழை. வாசலில் நின்று தட்டினேன், தாழ்ப்பாள் விலகவில்லை. மறுபடி தட்டினேன். முந்தானை நனைந்தது. உள்ளே ஏதோ உருளும் சத்தம், நிற்கும் சத்தம், முனகல். ஐந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரே நின்றார்.

"கயிறு என்னாச்சு?"

"அறுந்து போச்சு. மாத்தணும்னா ஸ்டூல் மேல ஏறணும். யாரு ஏறுறது? அதுக்கு நடந்து வர்றதே சுலபம்னு வந்துட்டேன்."

"கொஞ்சம் சீக்கிரமா வர்றதுக்கென்ன? நனைஞ்சு நிக்கிறேன்."

"சோம்பேறியை விரட்டக்கூடாது சிஸ்டர்," என்றார், வழிவிடாமல் நின்றுகொண்டே.

கெடு முடிந்த நாளில் மூவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மேஜையில் படுக்கச் சொல்லி அளவுகோலை வைத்தார். "மடக்குங்க." மடக்கினார். முகம் சிவந்தது.

"எண்பத்தாறு," என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையின் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். நாலு டிகிரி. அந்த நான்கையும் எந்தெந்த நாளில் கோட்டை விட்டார் என்று என்னால் தேதியோடு சொல்ல முடியும்.

"டாக்டர், கயிறு இருந்தா வரும்," என்றார் படுத்தபடியே.

"என்ன கயிறு?"

மனைவி கைப்பையைத் திறந்தாள். பட்டை, கப்பி, சுற்றி வைத்த கயிறு எல்லாம் வெளியே வந்தன. நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவளாகவே எடுத்து வைத்திருக்கிறாள். கயிற்றின் முனையை மேஜையின் தலைப்பக்கக் கம்பியில் கட்டினாள், வலது காலுக்கு நேராக, ஒரு நூல் பிசகாமல். அவர் இழுத்தார். குதிகால் சரசரவென்று வந்தது.

டாக்டர் இரண்டு முறை அளந்தார். "தொண்ணூத்திரண்டு. இந்த மூட்டை மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியதில்ல. இப்படியே தொடர்ந்து செய்யுங்க. நல்லா உழைச்சிருக்கீங்க."

"இல்ல டாக்டர். படுத்துக்கிட்டேதான்."

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் புதுத் தாள் ஒன்று கொடுத்தார். அதில் முதல் வரி, மாடிப்படி: தினமும் பத்துப் படி ஏறி இறங்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. வெளியே வந்தோம். இரண்டாவது மாடி. இடதுபக்கம் லிஃப்ட், வலதுபக்கம் படி.

"இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்," என்றேன்.

அவர் லிஃப்ட் கதவில் காதை வைத்தார். "மேல நாலாவது மாடியில கதவு சரியா மூடலை. அஞ்சு நிமிஷம் ஆகும். உட்காரலாம்," என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலை மடக்கி, மற்றவர்களைப் போலவே உட்கார்ந்தார். அதை அவர் கவனிக்கவில்லை.

"படியில போனா அஞ்சு நிமிஷத்துல கீழ இருப்போம்."

"நாளைக்கு சிஸ்டர்."

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்க ஆரம்பித்தாள்.

"ஏய், எங்க போறே? கயிறு உன் பையில இருக்கு!"

செருப்புச் சத்தம் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது.

"உங்க போனும் அதுலதான் இருக்கு," என்றேன் நான்.

எழுந்தார். வாக்கரை என்னிடம் தள்ளினார். கைப்பிடியைப் பிடித்தார்.

"இறங்கும்போது கெட்ட கால் முதல்ல," என்றேன்.

"தெரியும்."

வாக்கரை மடக்கித் தூக்கிக்கொண்டு, அவருக்கு ஒரு படி முன்னால் நான் இறங்கினேன். மொத்தம் நாற்பத்து நான்கு படி. எண்ணிக்கொண்டே வந்தேன். படிக்கு ஒரு முனகல், திருப்பத்தில் ஒரு வசவு. ஒரு இடத்திலும் உட்காரவில்லை.